திறந்து வைத்த பக்கங்களின் கதி

கொரட்டூர் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில், ஜெராக்ஸ் எடுப்பதும், அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பம் நிரப்புவதும், மின்கட்டணம் கட்டிக் கொடுப்பதும் ஒருங்கே நடைபெறும் சிறு கடைகளில் ஒன்றில், மாலை ஆறு மணிக்கு மேல் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்குக் கணினித் திரையின் மேல் விளிம்பில் நெருங்கி நிற்கும் டேபுகள் கண்ணில் படாமல் போவதில்லை. ஒருவர் பாதி நிரப்பிவிட்டு, "போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிச் சென்ற தேர்வாணைய விண்ணப்பம் ஒன்று. மற்றொருவர் பார்க்கச் சொன்ன வில்லங்கச் சான்று ஒன்று. கடைக்காரருடைய சொந்த மின்னஞ்சல் ஒன்று. இவற்றுக்கு நடுவே கிரிக்கெட் ஸ்கோர் ஒன்று. அச்சமயம் பார்த்துக் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் இரண்டு முறை கத்திவிட்டு அடங்கிப் போனால், விண்ணப்பக்காரர் முகம் வெளிறிப் போகிறது. "அண்ணே, நான் போட்டதெல்லாம் போயிடுச்சா?" என்கிறார். "இருங்க தம்பி, ரீஸ்டோர் குடுத்துப் பார்ப்போம்" என்கிறார் கடைக்காரர்.

இந்த ரீஸ்டோர் என்னும் காரியம் எதைத் திருப்பித் தருகிறது, எதைத் தருவதில்லை, தரும் என்று நாம் எந்த ஆதாரத்தின் பேரில் நம்புகிறோம் என்பவற்றை ஒருமுறை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முன்னதாகவே சொல்லிவிடுவதில் பாதகம் ஒன்றும் இல்லை. பிரவுசர் எதிர்பாராமல் நின்றுபோனால் அதை முன்னிருந்த ஸ்திதியில் மறுபடி நிறுத்துவதற்கென்று செய்யப்பட்ட ஓர் அவசர ஏற்பாட்டை, நாம் நாளடைவில் நூலகமாகவும் நாட்குறிப்பாகவும் பாவிக்கத் தொடங்கிவிட்டோம். டேபுகளை இழந்தவர்கள் படும் துயரத்தில் பெரும்பகுதி இந்த மயக்கத்திலிருந்தே பிறக்கிறது.

நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் வாயிலாகக் கிடைத்தது. தொலைபேசிக் கம்பியை அடைத்துக்கொண்டு, பல்ஸ் கணக்கில் காசைக் கரைத்துக்கொண்டு வந்த அந்த இணைப்பில், பக்கத்தைத் திறந்து வைப்பதென்பது ஒரு சிக்கன உபாயமாக இருந்தது. வேண்டிய பக்கங்களையெல்லாம் தனித்தனி விண்டோக்களில் மளமளவென்று திறந்துவிட்டு, அவை முழுவதும் வந்து சேர்ந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பின்னர் சாவகாசமாக ஒவ்வொன்றாகப் படிப்பதே அக்காலத்து வழக்கம். பத்து விண்டோக்களைத் தாங்கும் சக்தி அன்றைய கணினிகளுக்குக் கிடையாதாகையால், பத்தாவது பக்கத்தில் எல்லாம் உறைந்து போவதும், ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடியும் டயல் செய்வதும் சகஜமாக இருந்தன. அந்நாளைய பிரவுசர்களில் பெரும்பாலானவை தாம் எந்தப் பக்கங்களைத் திறந்திருந்தோம் என்பதைச் சற்றும் நினைவில் வைத்ததில்லை.

டேப் என்னும் அமைப்பு 1994இல் புக்லிங்க் நிறுவனத்தின் இன்டர்நெட்வொர்க்ஸ் என்ற பிரவுசரிலேயே தோன்றிவிட்டது. ஆயினும் உலகத்தில் பெரும்பான்மையோர் பயன்படுத்திய மைக்ரோசாப்ட் எக்ஸ்ப்ளோரர் 2006 அக்டோபரில் வெளிவந்த ஏழாம் பதிப்பு வரை அதை ஏற்கவில்லை. நார்வே தேசத்து ஓப்பரா, திறந்திருந்த பக்கங்களைக் குறித்து வைத்து அடுத்த முறை தானாகவே திறந்து கொடுக்கும் பழக்கத்தை மற்றவர்களுக்கு வெகுமுன்னரே கைக்கொண்டிருந்தது. பயர்பாக்ஸில் முதலில் வெளியார் எழுதிய ஆட்-ஆன்களே இந்தக் குறையை நிறைத்தன. 2006 அக்டோபரில் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வசதி பிரவுசருக்குள்ளேயே இடம்பெற்றது. 2008 செப்டம்பரில் கூகுள் குரோமை வெளியிட்டபோது, ஒரு பக்கம் விழுந்தால் அத்துடன் மற்றப் பக்கங்களும் விழாதபடி அவற்றைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து வைத்தது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர்களுள் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் ஒருவர் என்பதை நம் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. அவர் பிறந்த ஊரைப் பற்றி எழுதிய அளவுக்கு, அந்தப் பிரிவினை ஏன் செய்யப்பட்டது என்பதைப் பற்றி எவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

இனி, குறித்து வைக்கப்படுவது யாது என்பதைச் சிறிது கிட்டத்தில் சென்று பார்ப்போம். பயர்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கையில், பயனருடைய ப்ரொஃபைல் கோப்புறையினுள்ளே செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ் என்ற உட்கோப்புறை ஒன்றில், ரெக்கவரி என்ற பெயருடைய ஒரு கோப்பைச் சாதாரணமாக 15 விநாடிக்கு ஒரு முறை புதுப்பித்து எழுதிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு டேபின் முகவரி, தலைப்பு, அந்த டேபில் முன்னும் பின்னும் சென்ற பக்கங்களின் வரிசை, திரையை எவ்வளவு தூரம் கீழே உருட்டியிருந்தோம் என்ற அளவு, கட்டங்களில் தட்டச்சிட்டிருந்த சொற்கள், உள்நுழைவுக்கு ஆதாரமான குக்கிகள் ஆகியவை அதில் உண்டு, கடவுச்சொற்கள் இல்லை. பிரவுசரை முறைப்படி மூடும்போது அதே விஷயம் செஷன்ஸ்டோர் என்ற கோப்பாக வெளியே எழுதி வைக்கப்படும். அதற்கு முந்தைய அமர்வு பிரீவியஸ் என்ற பெயரில் நிற்கும். இவையெல்லாம் ஒரு காலத்தில் நோட்பேடில் திறந்து படிக்கத்தக்க வெறும் எழுத்தாக இருந்தன. 2017 முதல் மொசில்லாவுக்கே உரிய ஒரு தலைக்குறியுடன் சுருக்கி வைக்கப்படுகின்றன. ஆதலால் சாதாரணச் சுருக்க நீக்கிகளுக்கு அவை வசப்படுவதில்லை. குரோமும் அவ்வண்ணமே செஷன்ஸ் என்ற கோப்புறையில் தன் குறிப்புகளை எழுதிக்கொள்கிறது. அவையும் மனிதர் கண்ணுக்குப் புரியும் வடிவில் இல்லை.

இந்தப் பட்டியலில் இல்லாதது எது என்று கவனிப்பதே முக்கியம். பக்கம் அதில் இல்லை. முகவரி மாத்திரமே இருக்கிறது. பக்கத்தை மறுபடியும் அந்த முகவரிக்குச் சென்று கேட்டு வாங்கி வர வேண்டும். முகவரிக்கு உரியவர் அங்கே அதே கோலத்தில் இருந்தால் சரி. ரயில் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி தளத்தில் நுழைந்து, பயணிகளின் பெயர்களை எல்லாம் கொடுத்து, பணம் கட்டப்போகும் நிலையில் கணினி நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். ரீஸ்டோர் செய்தால் டேப் வரும். ஆனால் அந்தத் தளத்தின் கணிப்பொறி நம்மை அதற்குள் மறந்துபோயிருக்கும். மறுபடி உள்நுழையச் சொல்லும். வங்கித் தளங்கள் இந்த விஷயத்தில் இன்னும் கண்டிப்பானவை. அது நம் நன்மைக்காகவே என்பதால் குறை சொல்வதற்கில்லை. தேடிய விவரம் முகவரியில் ஏறாமல், கட்டங்களின் வழியே மறைவாகச் செல்லும்படி அமைத்த தளங்களில், முகவரியைப் பாதுகாத்து என்ன பிரயோஜனம்? திறந்தால் வெறும் முதற்பக்கமே வந்து நிற்கும். மேலே சொன்ன விண்ணப்பக்காரருக்குத் தட்டச்சிட்டவை ஒருவேளை திரும்பக் கிடைக்கலாம். தளம் அந்த அமர்வைக் காலாவதியாக்கியிருந்தால் அவற்றைச் சமர்ப்பிக்க இயலாது. ஆகவே தளமே தருகிற 'சேமி' பொத்தானை அவ்வப்போது அழுத்தி வருவதுதான் உண்மையான காப்பு.

டேபுகள் தொலைவதற்கு மின்தடையே பிரதான காரணம் என்று நாம் எண்ணுகிறோம். தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நிலவிய மின்வெட்டைக் கடந்து வந்த எவரும் அப்படித்தான் எண்ணுவர். 2012இல் சென்னைக்கே தினம் இரண்டு மணி நேரம் வெட்டு இருந்தது, வெளி மாவட்டங்களின் அவஸ்தையைச் சொல்லவே வேண்டாம். ஆனால் மின்தடை பெரும்பாலும் டேபுகளைக் கொல்வதில்லை; 15 விநாடிக்கு முன் எழுதிய கோப்பு டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. கொல்வது நம் அவசரமே. பெரிய விண்டோ ஒன்றில் அறுபது டேபுகளும், பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் சிறு விண்டோவில் ஒரே ஒரு விளம்பரப் பக்கமும் இருக்கையில், பெரியதை முதலில் மூடிவிட்டு, அப்புறம் சிறியதைக் கண்டு அதையும் மூடுகிறோம். கடைசியாக மூடப்பட்டதே அமர்வு என்று பிரவுசர் கொள்வதால், மறுநாள் காலையில் அந்த விளம்பரப் பக்கம் மட்டும் விசுவாசமாக வந்து நிற்கிறது. இந்த நிலையில் ஹிஸ்டரியில் 'சமீபத்தில் மூடியவை' என்ற பகுதியைப் பார்த்தாலோ, கண்ட்ரோல், ஷிப்ட், டி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினாலோ அறுபதும் திரும்பி வர இடமுண்டு. பதற்றத்தில் பலர் இதைச் செய்யாமல், பிரவுசரை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பழைய கோப்பின்மேல் புதிய கோப்பு எழுதப்படுகிறது. டேபுகள் காணாமற்போனவுடன் செய்யத்தக்க முதற்காரியம், பிரவுசரைத் தொடாமல் விட்டு, அந்தக் கோப்புறையை வேறோர் இடத்துக்கு நகல் எடுத்து வைப்பதே. அதன் பிறகு எந்தப் பரீட்சையையும் நடத்தலாம்.

2015 டிசம்பரிலும், மீண்டும் மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் கொரட்டூரில் வெள்ளம் புகுந்தபோது நேர்ந்தவை வேறு ரகம். தரைத்தளத்து வீடுகளில் கணினிப் பெட்டி மேசைக்குக் கீழே தண்ணீரில் நின்றது. அமர்வுக் கோப்பு எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தாலும், அது எழுதப்பட்ட டிஸ்க் நனைந்துபோனால் அதற்கு மேல் பேச்சில்லை. ஒரு கணினியில் இருப்பது ஒரு கணினியில் இருப்பதே; ஒரே கணினியிலும், ஒரு ப்ரொஃபைலில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. 2011 முதல் தமிழக அரசு எல்காட் மூலம் மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சென்னையில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. இதில் திறந்து வைத்தது அதில் ஏன் இல்லை என்று எத்தனை பிள்ளைகள் அந்நாளில் திகைத்திருப்பார்களோ! பல கருவிகளுக்கும் பொதுவாக டேபுகளைக் காட்டும் சிங்க் ஏற்பாடு பிற்பாடு வந்தது. அதையும் காப்பு நகல் என்று கருதுவது தவறு. ஒரு கருவியில் இப்போது திறந்திருப்பதை இன்னொரு கருவியில் காட்டுவதே அதன் வேலை. அங்கே மூடினால் இங்கேயும் மறைந்துபோகும்.

பலர் புழங்கும் கணினியில் இதே வசதி ஆபத்தாகவும் மாறுகிறது. 'விட்ட இடத்திலிருந்து தொடர்க' என்ற ஏற்பாட்டைக் கடைக்காரர் தமது சௌகரியத்தை உத்தேசித்துப் போட்டு வைத்திருந்தால், உள்நுழைவுக் குக்கிகளும் கூடவே மீள்வதால், நேற்றிரவு மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு லாக்-அவுட் செய்யாமல் எழுந்து போன பெண்மணியின் கடிதங்கள் இன்று காலை முதல் வாடிக்கையாளர் முன் விரிகின்றன. குரோமில் கெஸ்ட் முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் திறந்தவை மூடியவுடன் தடயமின்றி அழியும். இத்தகைய கடைகளில் அதைத் தவிர வேறெதையும் வாடிக்கையாளருக்குத் திறந்து கொடுக்கலாகாது என்பது என் அபிப்பிராயம். அதனால் ரீஸ்டோர் இல்லாமற்போகும், போகட்டும்.

பிரவுசரின் சொந்த ஏற்பாடு போதவில்லை என்று கண்டவர்கள் ஆட்-ஆன்களை நாடினார்கள். பயர்பாக்ஸில் செஷன் மேனேஜர், டேப் மிக்ஸ் பிளஸ் முதலியன பல்லாண்டு அரிய சேவை செய்தன. 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்தபோது பழைய பாணி ஆட்-ஆன்கள் அனைத்தும் ஒரே நாளில் செயலிழந்தன. அவற்றில் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த அமர்வுகளைப் புதிய கருவிகளுக்கு மாற்றிக்கொள்ள ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குரோமில் நேர்ந்த சம்பவம் இதனினும் விபரீதமானது. கிரேட் சஸ்பெண்டர் என்ற ஆட்-ஆன், பயன்படாத டேபுகளை உறங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தியது. 20 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தினர். 2020இல் அது கைமாறியது. புதிய உரிமையாளர் அதில் சந்தேகத்துக்கிடமான நிரலைப் புகுத்தியதாகத் தெரியவர, 2021 பிப்ரவரியில் கூகுள் அதை எல்லாருடைய கணினியிலும் செயலிழக்கச் செய்தது. உறங்கிக்கொண்டிருந்த டேபுகள் அத்தனையும் அந்தக் கணமே காணாமற்போயின. அந்த ஆட்-ஆனுக்குரிய நீண்ட முகவரியின் வாலில் உண்மை முகவரி ஒட்டிக்கொண்டிருந்தபடியால், ஹிஸ்டரியைத் துழாவி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவர்கள் பிழைத்தார்கள். அதன்பின் பிரவுசர்களே உறக்க வசதியையும் டேப் குழுக்களையும் தம்முள் சேர்த்துக்கொண்டன. பயர்பாக்ஸ் மட்டும், 2011இல் தந்த டேப் குழுக்களை 2016இல் பிடுங்கிக்கொண்டு, 2025இல் மறுபடியும் தந்திருக்கிறது. சேமிப்பை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது அவருடைய மனமாற்றத்துக்கும் சேர்த்தே நாம் கட்டுப்படுகிறோம்.

இவ்வளவு டேபுகள் எதற்கு என்று கேட்பவர் உண்டு. 2024 மே மாதத்தில், இரண்டு வருஷமாகத் திறந்து வைத்த 7,470 டேபுகள் பயர்பாக்ஸில் மீளாமற்போய்ப் பின்னர் ப்ரொஃபைல் கோப்பிலிருந்து மீட்கப்பட்ட ஒருவரின் செய்தி உலகமெங்கும் நகைப்புடன் வாசிக்கப்பட்டது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று, டேபை மூடினால் அந்த விஷயம் திரும்ப அகப்படாது என்னும் பயமே ஜனங்களைத் தடுக்கிறது என்று கண்டது. அது வீண் பயமன்று. புக்மார்க் செய்தால் அது பார்வையிலிருந்து மறைகிறது. மறைந்ததை நாம் தேடுவதில்லை. டேப் கண்முன் நின்று, இன்னும் முடியாத காரியத்தை ஞாபகப்படுத்துகிறது. அடுக்களையில் தண்ணீர் கொதிக்கும் வரை மூடாமல் வைத்த பாத்திரத்தின் நிலை அது. பரணில் ஏற்ற வேண்டியதையும் அடுப்பின் மேலேயே வைப்பவருக்குத்தான் இடம் போதாமற்போகிறது. முடியாத காரியங்களுக்கு டேபும், முடிந்தும் வேண்டப்படுகிறவற்றுக்குச் சேமிப்பும் என்று பிரித்துக்கொண்டால், திறந்திருப்பவற்றில் பாதிக்கு மேல் தாமே மூடிக்கொள்ளும்.

சேமிப்பது என்றால் முகவரியை அன்று, பக்கத்தையே. தமிழில் இதன் அவசியம் இரு மடங்கு. ஜியோசிட்டீஸ் தளம் 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டபோது, அதில் வைத்திருந்த ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்களின் முகவரிகள் எல்லாம் ஒரே நாளில் பொய்யாயின. வேபேக் மெஷின் என்ற ஆவணக் களஞ்சியம் பிடித்து வைத்தவை மட்டும் மிஞ்சின. நல்லறிவோடு அந்தக் காலத்திலேயே பக்கத்தை டிஸ்கில் இறக்கி வைத்தவர்களுக்கும் ஒரு சோதனை காத்திருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன், ஒவ்வொரு பத்திரிகையும் தன் தன் எழுத்துருவைக் கையாண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற குறியீடுகளை வகுத்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் டிஸ்கியைப் போற்றினர். தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய கோப்பை இன்று திறந்தால், அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில், ஐரோப்பிய எழுத்துகள் மேற்குறிகளோடு தாறுமாறாகக் கிடக்கின்றன. எழுத்துருமாற்றி நிரல்கள் பல இருப்பதால் படித்துவிடலாம்தான். ஆனால் எந்தக் குறியீடு என்று கண்டறியும் பொறுமை வேண்டும். இப்போது சேமிப்போர் பிடிஎஃப் ஆக அச்சிட்டு வைப்பதும், பொதுவான பக்கமாயின் வேபேக் மெஷினிலும் ஒரு பிரதி ஏற்றி வைப்பதும் நலம். அந்தக் களஞ்சியமே 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள் முடங்கிக் கிடந்தமையால், ஒன்றைச் செய்து மற்றதை விடுவது போதாது.

கூடுவாஞ்சேரிப் பக்கம் தலைமையிடம் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2023 மே மாதத்தில் உலா என்ற பிரவுசரை வெளியிட்டதும், மத்திய அரசு நடத்திய இந்தியப் பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் அது ஒரு கோடி ரூபாய் முதற்பரிசு பெற்றதும் இங்கே குறிப்பிடத்தக்கவை. வேலைக்கு ஒன்று, சொந்தக் காரியத்துக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என அது வெவ்வேறு முறைகளைத் தனியே பிரித்துத் தருகிறது. அலுவலகப் பக்கங்களும் வீட்டுப் பக்கங்களும் ஒரே வரிசையில் குழம்பாதிருக்க இது நல்ல உபாயம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பகலும் வீட்டில் இரவும் ஒரே மடிக்கணினியில் உழைப்பவர்களுக்கு வெகுவாகப் பயன்படக்கூடியது. குரோமுக்கும் மூலமான குரோமியத்தின் மேலேயே அதுவும் கட்டப்பட்டிருப்பதால், அமர்வை மீட்கும் விஷயத்தில் மட்டும் அதனிடம் அற்புதம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

மிஞ்சியிருப்பது கைபேசி. நம்மவர்களில் பெரும்பாலோர்க்குப் பிரவுசர் என்பது இப்போது அதுவே. ஆண்ட்ராய்டு குரோமில் டேபுகள் நூறைத் தொட்டதும் எண்ணுக்குப் பதிலாக ஒரு சிரிக்கும் முகக் குறி வருகிறது. ஐபோனின் சஃபாரி ஐந்நூறோடு நிறுத்திக்கொள்கிறது. கணினியில் சொன்ன கோப்புறை வித்தைகள் ஒன்றும் இங்கே பலிக்கா. பயனருடைய கை அந்தக் கோப்புகளை எட்டாதபடி அடைத்திருக்கிறார்கள். சில வாரங்கள் தொடாத டேபுகளை ஆண்ட்ராய்டு குரோம் இப்போது தானே ஒதுக்கித் தனிப்பட்டியலில் போட்டுவிடுகிறது. ஆகவே கைபேசிக்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஷேர் பொத்தானை அழுத்தி, பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி, அதைத் தமக்கே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிக்கொள்வது. கொரட்டூரில் கல்யாணப் பத்திரிகை முதல் பட்டா நகல் வரை ஏற்கெனவே அந்த வழியாகத்தான் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.